பள்ளிக்கூடத்துக்கு மார்க் போட்ட மாநிலம்

1845 கோடையில் பாஸ்டன் நகரத்துப் பள்ளிகளுக்குள் சிலர் அச்சடித்த கேள்வித்தாள்களோடு நுழைந்தார்கள். அதுவரை அங்கே பரீட்சை என்றால் வாய்மொழிதான். பள்ளிக் குழுவினர் ஆண்டுக்கொரு முறை வந்து உட்கார்வார்கள். பிள்ளைகளை நிறுத்தி ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். பெற்றோர் கேட்டுப் பூரித்துப் போவார்கள். இந்த முறை எல்லாப் பள்ளிக்கும் ஒரே கேள்வி. பாடத்துக்கு ஒரு மணி நேரம். பதிலை எழுதித்தான் தரவேண்டும். கேள்வி வெளியே கசிந்துவிடக் கூடாதென்று ஒரு பள்ளியில் முடித்த கையோடு அடுத்த பள்ளிக்கு ஓடினார்கள்.

இந்த வேலைக்குப் பின்னால் இருந்தவர் ஹோரஸ் மேன். 1837ல் மாசசூசெட்ஸ் மாநிலம் கல்வி வாரியம் ஒன்றை அமைத்தபோது அதன் முதல் செயலாளராக வந்தவர். 1843ல் ஐரோப்பா போய்த் திரும்பி, பிரஷ்யப் பள்ளிகளைப் புகழ்ந்து அறிக்கை எழுதினார். அங்கே ஆசிரியர் பிரம்பை எடுக்காமலே பாடம் நடத்துகிறார் என்றார். பாஸ்டன் ஆசிரியர்கள் 31 பேர் சேர்ந்து கடுமையான மறுப்பு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார்கள். மேனின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹவ், பார்வையற்றோர் பள்ளியை நடத்தியவர், நகரப் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நின்று உள்ளே போனார். எழுத்துத் தேர்வு அவர்கள் இருவரின் பதில்.

19 பள்ளிகளின் மேல்வகுப்புப் பிள்ளைகள் 530 பேர் எழுதினார்கள். 57,873 விடைகள் வந்திருக்க வேண்டும். சரியாக வந்தவை 17,216. நிறுத்தக்குறிப் பிழைகள் மட்டும் 35,947. அதிபர் ஜெஃபர்சன் காலத்தில் கப்பல் வாணிபத்துக்குத் தடை போட்ட ஆண்டு எது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைகளில் பலருக்கு, அந்தத் தடை என்றால் என்ன என்று சொல்லத் தெரியவில்லை. முடிவுகளைப் பள்ளி வாரியாக அட்டவணை போட்டு அச்சிட்டார்கள். ஆசிரியர்கள் சிலருக்கு வேலை போயிற்று. அமெரிக்காவில் பள்ளிகளை ஒரே அளவுகோலால் அளந்து ஊரறிய வெளியிடும் வழக்கத்தின் தொடக்கம் இது.

அந்த அட்டவணையில் அடியில் கிடந்தது ஸ்மித் பள்ளி. பீக்கன் ஹில் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று நகரம் ஒதுக்கி வைத்த பள்ளி. அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வரும் என்ற நம்பிக்கையே அங்கிருந்த தலைமையாசிரியருக்கு இல்லை என்று தேர்வுக் குழு எழுதியது. இப்படி ஒதுக்கப்பட்ட பிள்ளைகளில் ஒருத்தியான ஐந்து வயது சாரா ராபர்ட்ஸின் தகப்பனார், தன் மகளை வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்கவேண்டும் என்று நகரத்தின் மீது வழக்குப் போட்டார். சார்லஸ் சம்னரும் கறுப்பின வழக்கறிஞர் ராபர்ட் மாரிஸும் வாதாடினார்கள். 1850ல் தோற்றார்கள். ஆனால் 1855ல் மாநிலச் சட்டமன்றமே பள்ளிகளில் இனப் பிரிவினையைத் தடைசெய்தது. ஸ்மித் பள்ளிக் கட்டடம் இன்று அருங்காட்சியகம். என் மாணவர்களை அங்கே அழைத்துப் போயிருக்கிறேன். சின்னக் கட்டடம், செங்கல் சுவர். பிள்ளைகளிடம் அங்கே நான் சொன்னது இதுதான்: இங்கே படித்த பிள்ளைகள் எழுதிய மோசமான விடைத்தாள், அவர்களுக்கு ஊர் செய்த அநியாயத்தின் சாட்சி.

நான் கோவில்பட்டிக்காரி. மில் சங்கு கேட்டு வளர்ந்தவள். 1996ல் மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆற்றங்கரையில் இருக்கும் பழைய நூல்மில் ஊர் ஒன்றில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். அங்கேயே ஓய்வு பெற்றேன். பத்தாம் வகுப்புதான் பெரும்பாலும் என் வகுப்பு. எம்காஸ் என்று இங்கே எல்லோரும் சொல்லும் மாநிலத் தேர்வு பிறந்ததையும் வளர்ந்ததையும் அதன் கொம்பை ஒடித்ததையும் உள்ளே இருந்து பார்த்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த ஆண்டு என் வகுப்புக்குக் கொடுத்த புத்தகங்கள் எல்லாம் பழையவை. இங்கே பாடப்புத்தகம் பள்ளிக்குச் சொந்தம். ஆண்டு முடிவில் திருப்பித் தரவேண்டும். உள்ளட்டையில் ஒரு கட்டம் அச்சிட்டிருக்கும். வாங்குகிற பிள்ளை தன் பெயரும் ஆண்டும் எழுதவேண்டும். ஒரு புத்தகத்தைப் பிரித்தேன். முதல் பெயருக்கு நேரே 1979. கட்டம் நிரம்பி, பக்க ஓரத்திலும் பெயர்கள் ஏறியிருந்தன. கிரேக்கப் பெயர், ஐரிஷ் பெயர், பிறகு ஸ்பானிஷ், கம்போடியாவின் கெமேர். ஊருக்கு யார் யார் எப்போது பிழைக்க வந்தார்கள் என்ற கதை முழுக்க அந்த அட்டையில் இருந்தது. ஊர் எவ்வளவு ஏழை என்பதும் அதிலேயே இருந்தது.

ஏனென்றால் இங்கே பள்ளிக்குப் பணம் வருவது பெரும்பகுதி அந்தந்த ஊரின் வீட்டு வரியிலிருந்து. வீடு விலை கூடிய ஊரில் பள்ளிக்குப் பணம் கொழிக்கும்; மில் மூடிய ஊரில் பள்ளி காயும். 1980ல் மக்கள் வாக்கெடுப்பில் வந்த ஒரு சட்டம் ஊர்கள் வசூலிக்கும் வீட்டு வரிக்கு உச்சவரம்பு போட்டது. அதற்குப் பிறகு ஏழை ஊர்கள் இன்னும் நொடிந்தன. நூலகம் மூடினார்கள், ஆசிரியர்களை நிறுத்தினார்கள், ஒரே வகுப்பில் அளவுக்கு மீறிப் பிள்ளைகளை அடைத்தார்கள்.

16 ஊர்களைச் சேர்ந்த 16 மாணவர்கள் பெயரில் மாநிலத்தின் மீது வழக்கு நடந்தது. பிராக்டன் நகரத்து மாணவி ஜேமி மெக்டஃபியின் பெயர் முதலில் இருந்ததால் அது மெக்டஃபி வழக்கு. பிராக்டன், லாரன்ஸ், லெஸ்டர், வின்செண்டன் ஆகிய ஊர்களின் பள்ளிகளை ஒரு பக்கமும், புரூக்லைன், கான்கார்டு, வெல்ஸ்லி ஆகிய வசதியான ஊர்களின் பள்ளிகளை மறுபக்கமும் வைத்து நீதிமன்றம் பார்த்தது. ஜான் ஆடம்ஸ் எழுதிய 1780ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்தில், பள்ளிகளைப் பேணுவது சட்டமன்றத்தின் கடமை என்று ஒரு பிரிவு உண்டு. அந்தப் பிரிவை வெறும் நல்லெண்ணமாகக் கொள்ள முடியாது, ஏழையோ பணக்காரரோ ஒவ்வொரு பிள்ளைக்கும் கல்வி தருவது மாநிலத்தின் கட்டாயக் கடமை என்று 1993 ஜூன் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மூன்றே நாளில், ஜூன் 18 அன்று, ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அவ்வளவு விரைவில் எப்படி வந்தது என்றால், இரண்டு ஆண்டாகவே அதற்கான வேலை நடந்துகொண்டிருந்தது. ஜாக் ரென்னி என்ற தொழிலதிபர் தலைமையில் ஒரு குழு 1991ல் திட்டம் ஒன்றை வெளியிட்டிருந்தது. அதை வைத்து மேலவையில் டாம் பர்மிங்ஹாமும் கீழவையில் மார்க் ரூஸ்வெல்ட்டும் சட்டத்தை எழுதினார்கள். சாரம் ஒரு பேரம். ஏழை ஊர்ப் பள்ளிகளுக்கு மாநிலம் பணம் தரும். பதிலுக்குப் பள்ளிகள் மாநிலம் வகுத்த பாடத்திட்டத்தை நடத்தி, மாநிலத் தேர்வில் தங்கள் பிள்ளைகள் தேறுவதைக் காட்டவேண்டும்.

பணப் பகுதியை முதலில் சொல்கிறேன். யாரும் அதைச் சொல்வதில்லை. ஒரு பிள்ளைக்குச் சரியான படிப்புத் தர எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஏழைப் பிள்ளைக்கும் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கும் கூடுதலாக வைத்தார்கள். மொத்தத்தில் அந்த ஊர் தன் வரியிலிருந்து எவ்வளவு தாங்கும் என்று பார்த்து, மிச்சத்தை மாநிலம் நிரப்பியது. ஏழு ஆண்டுகளில் மாநில உதவி ஏறத்தாழ இரு மடங்கானது. எங்கள் பள்ளிக்குப் புதுக் கணக்குப் புத்தகம் வந்தது அந்தப் பணத்தில்தான். உள்ளட்டைக் கட்டம் காலியாக இருந்த புத்தகத்தை என் பிள்ளைகள் அன்றுதான் பார்த்தார்கள்.

1998ல் முதல் எம்காஸ் தேர்வு நடந்தது. 4, 8, 10ஆம் வகுப்புகள். அந்த முதல் ஆண்டு பத்தாம் வகுப்புக் கணக்கில் மாநிலம் முழுவதும் 52 விழுக்காடு தோல்வி. அதே ஆண்டு ஆசிரியர் வேலைக்கு வர விரும்பியவர்களுக்கு வைத்த முதல் தேர்வில் 59 விழுக்காடு பேர் தோற்றார்கள். செய்தித்தாள்கள் ஆசிரியர்களைக் கிழித்துத் தோரணம் கட்டின. ஆசிரியர் ஓய்வறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்காமல் சாப்பிட்ட நாட்கள் அவை.

2003ல் பள்ளி முடிப்பவர்களிலிருந்து, பத்தாம் வகுப்பு ஆங்கிலத்திலும் கணக்கிலும் தேறினால்தான் பள்ளி முடிப்புச் சான்றிதழ் என்று விதி வந்தது. அவர்கள் பத்தாம் வகுப்பில் எழுதிய 2001 தேர்வில் கணக்குத் தோல்வி 25 விழுக்காடாகக் குறைந்தது. மறுதேர்வுகளும் எழுதி, கடைசியில் ஏறத்தாழ 95 விழுக்காடு பேர் தேறினார்கள். பயத்தில் படித்தார்கள் என்றார்கள் சிலர். பாடம் நடந்தது என்றார்கள் சிலர். இரண்டும் உண்மை. பணமும் வந்திருந்தது என்பது மூன்றாவது உண்மை.

அந்த ஆண்டுகளில் தேர்வு அறை எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டும். சுவரில் இருக்கும் சூத்திரப் படங்களையெல்லாம் காகிதம் ஒட்டி மறைப்போம். கேள்விப் புத்தகங்கள் எண் போட்டு வரும். எண்ணி வாங்கி எண்ணித் திருப்ப வேண்டும். நேர வரம்பு கிடையாது; பள்ளி முடியும்வரை உட்கார்ந்து எழுதலாம். கணக்கு இரண்டு நாள். முதல் நாள் கால்குலேட்டர் கூடாது. மொத்தம் 60 மதிப்பெண். அதை 200க்கும் 280க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணாக மாற்றுவார்கள். 220 வாங்கினால் தேர்ச்சி. இரண்டிரண்டாகத்தான் எண் ஏறும். 220க்குக் கீழே அடுத்த படி 218.

என் வகுப்பில் ஒரு கெமேர் பெண் 218 வாங்கினாள். கம்போடியாவிலிருந்து வந்து ஓராண்டு முடிந்திருக்கவில்லை. புதிதாக வந்த பிள்ளைக்கு முதல் ஆண்டு ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. கணக்கில் விலக்கு இல்லை. ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்கு இரு மொழியிலும் அச்சடித்த கேள்விப் புத்தகம் இருந்தது. கெமேர் பிள்ளைக்கு ஒரு சொல்லுக்கு ஒரு சொல் போட்ட அகராதி மட்டும் அனுமதி. அதில் விளக்கம் இருக்கக் கூடாது. விடைகளில் சமன்பாடு வந்த இடமெல்லாம் சரி. கதைபோல வாக்கியத்தில் வந்த கணக்குகளில்தான் அவள் நின்றுபோனாள். எந்தெந்தக் கேள்வி என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த ஆண்டுகளில் மதிப்பெண் போடப்பட்ட கேள்விகளை மாநிலம் பிறகு பொதுவில் வெளியிட்டுவிடும். எந்தப் பிள்ளை எதில் தவறினாள் என்று ஆசிரியருக்கு வரும் தாளில் இருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘குறைந்தபட்சம்’, ‘அதிகபட்சம்’, ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற சொற்களை நானும் அவளும் பள்ளி முடிந்த பிறகு உட்கார்ந்து பார்த்தோம். நவம்பர் மறுதேர்வில் தேறினாள். தேர்வு தந்த அந்தத் தாளை நான் மதிக்கிறேன். அந்தக் கோடை முழுக்க அவள் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்ததை என்னால் மன்னிக்க முடியாது.

பள்ளி முழுவதுமே மாறிய கதையும் இங்கே உண்டு. வழக்கைத் தந்த அதே பிராக்டன் நகரத்தின் உயர்நிலைப் பள்ளி. 4,000 மாணவர்களுக்கு மேல் படித்த பெரிய பள்ளி. முதல் எம்காஸில் கணக்கில் 75 விழுக்காடு தோல்வி. ஆசிரியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள்: படித்தல், எழுதுதல், பேசுதல், காரணம் சொல்லுதல் ஆகிய நான்கையும் எல்லாப் பாடத்திலும் எல்லோரும் கற்பிக்க வேண்டும். கணக்கு டீச்சர், ஓவிய டீச்சர், விளையாட்டு டீச்சர் யாருக்கும் விலக்கில்லை. பத்தாண்டுக்குள் அந்தப் பள்ளி நாடே திரும்பிப் பார்க்கும் பள்ளியானது. ஆசிரியர்களைக் கூட்டமாக விரட்டாமல், எந்தப் பிள்ளையையும் வடிகட்டாமல் செய்தார்கள். முடிவு மோசம் என்று ஊரறிந்த பிறகுதான் அந்தச் சனிக்கிழமைக் கூட்டங்கள் தொடங்கின என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

2002 ஜனவரியில் மத்திய அரசின் சட்டம் வந்தது. எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடக் கூடாது என்பது அதன் பெயர். 3 முதல் 8 வரை ஒவ்வொரு வகுப்புக்கும் ஆண்டுத் தேர்வு. உயர்நிலையில் ஒரு முறை. ஒவ்வொரு பள்ளிக்கும் ரிப்போர்ட் கார்டு. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள், மாற்றுத்திறன் பிள்ளைகள், ஒவ்வொரு இனப் பிள்ளைகள் என்று தனித்தனியாக எண் காட்ட வேண்டும். இது பெரிய நன்மை. சராசரி என்ற போர்வைக்குள் என் கெமேர் பிள்ளைகளை யாரும் மறைக்க முடியாமல் போயிற்று.

அதே சட்டம் 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தகுதி நிலைக்கு வந்தாக வேண்டும் என்றது. ஆண்டுதோறும் இலக்கு ஏறும். ஒரு பிரிவு தவறினாலும் பள்ளியே தவறியதாகக் கணக்கு. பள்ளி இலக்கை எட்டவில்லை என்று பெற்றோருக்குக் கடிதம் போகும். அப்படி ஒரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தாய் என் வகுப்பு வாசலில் நின்றார். “மிஸ், என் பையன் ஃபெயிலா?” அவர் மகன் நன்றாகப் படிக்கிறவன். பள்ளிக்கு வந்த தீர்ப்பைத் தன் பிள்ளைக்கு வந்ததாக எடுத்துக்கொண்டார். 2011ல் இந்த மாநிலத்துப் பள்ளிகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் இலக்கைத் தவறியவை என்று முத்திரை குத்தப்பட்டன. தேசிய அளவில் மாதிரி எடுத்து நடத்தும் தேர்வில் 2005லிருந்து முதலிடத்தில் நின்ற மாநிலம் இதே மாசசூசெட்ஸ்தான். அளவுகோல் முறிந்துவிட்டது என்று தெரிந்து, 2012ல் மத்திய அரசே விலக்குக் கொடுத்தது. 2015 டிசம்பரில் புதுச் சட்டம் போட்டு அந்த 2014 கெடுவையே கைவிட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் 1993ன் பேரத்தில் ஒரு பாதி அமைதியாகச் சரிந்துகொண்டிருந்தது. செலவுக் கணக்கைப் போட்ட சூத்திரத்தை யாரும் காலத்துக்கேற்பத் திருத்தவில்லை. ஆசிரியர்களின் மருத்துவக் காப்பீடும் சிறப்புக் கல்வியும் விலை ஏறிக்கொண்டே போயின. ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கணக்கிடுகிறோம் என்று 2015ல் மாநிலம் அமைத்த குழுவே சொன்னது. 150 கோடி டாலர் கூட்டித் தரும் சட்டம் வர 2019 ஆயிற்று. தொற்று வந்த 2020 தவிர, தேர்வு மட்டும் ஓர் ஆண்டும் தவறவில்லை. பிள்ளை தன் பங்கை ஒவ்வொரு வசந்தத்திலும் செலுத்தினாள். மாநிலம் தன் பங்கைப் பாக்கி வைத்தது.

2024 நவம்பர் 5 அன்று ஆசிரியர் சங்கம் முன்வைத்த கேள்வி வாக்குச்சீட்டில் வந்தது: எம்காஸில் தேறினால்தான் சான்றிதழ் என்ற விதியை நீக்கலாமா? ஆளுநர் மாரா ஹீலி வேண்டாம் என்றார். தொழில் அமைப்புகளும் வேண்டாம் என்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 பிள்ளைகள் இந்த ஒரு தேர்வால் மட்டும் சான்றிதழ் இழந்துவந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் கற்பவர்களும் மாற்றுத்திறன் பிள்ளைகளும் என்று சங்கம் சொன்னது. 59 விழுக்காடு பேர் நீக்கலாம் என்றார்கள். நானும் அப்படியே வாக்களித்தேன். தேர்வு இன்னும் நடக்கிறது. பள்ளியின் ரிப்போர்ட் கார்டில் எண் இன்னும் வருகிறது. பிள்ளையின் கழுத்திலிருந்து மட்டும் கயிறு இறங்கியது. மெக்டஃபி வழக்கின் தீர்ப்பை முழுக்கப் படித்தவள் நான். கடமை மாநிலத்தின் மீது என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. தேர்வு அந்தக் கடமையை அளப்பதற்குத்தான்.

இதை நம் ஆட்களுக்காகவும் எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்து வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் என்னைப் பிடித்துக் கேட்கும் முதல் கேள்வி, “அக்கா, எந்த ஊர்ல எம்காஸ் ஸ்கோர் நல்லா இருக்கு?” லெக்சிங்டன், ஆக்டன், வெஸ்ட்ஃபோர்டு, ஷ்ரூஸ்பரி என்று பட்டியல் அவர்கள் கையிலேயே இருக்கும். பிள்ளைக்காகத் தேடுகிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அரசு தன்னைத்தானே கணக்குக் கேட்கக் கொண்டுவந்த அட்டை, வீட்டுத் தரகரின் விலைப்பட்டியலாக மாறிவிட்டது. ஸ்கோர் பார்த்து வீடு வாங்க, வீடு விலை ஏற, வரி பெருக, அந்த ஊர்ப் பள்ளி இன்னும் செழிக்கிறது. 1993ல் வழக்கு எதை எதிர்த்து நடந்ததோ அதையே நாமும் சேர்ந்து வளர்க்கிறோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அந்த ரிப்போர்ட் கார்டை முழுக்கப் படியுங்கள். ஒரு பிள்ளைக்குப் பள்ளி எவ்வளவு செலவழிக்கிறது என்ற வரியும் அதில் இருக்கிறது. மத்திய அரசின் 2015 சட்டம் வந்த பிறகு அதைக் காட்டியாக வேண்டும். உங்கள் ஊரின் தொகையையும் லாரன்ஸ், பிராக்டன் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஆங்கிலம் கற்கும் பிள்ளைகள் உங்கள் பள்ளியில் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள்; பள்ளிக் குழுக் கூட்டம் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசக்கூடிய கூட்டம், அங்கே எழுந்து கேளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதும்போது 2019ல் வாக்களித்த பணம் ஏழை ஊர்களுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். பள்ளிக்கு மார்க் போடும் உரிமையை மக்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். அந்த மார்க்கை வாங்க வேண்டியது சட்டமன்றம்.